ஈசானிய மூலை இறங்குகிறது

திருவண்ணாமலை
11.12.2023

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு, அண்ணன் தசரதன் எழுதுவது. நானும் உன் அண்ணி சரசுவும் மகன் மாறனும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், மாப்பிள்ளை கலையரசனுக்கு முட்டி வலி தேவலையா என்று எழுது. நாக்பூர் குளிரில் அவர் காலையில் நடக்கப் போகிறேன் என்றால் விடாதே.

கடிதத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஃபோனில் பேசினால் பத்தாவது நிமிடம் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். எழுத்தில் கத்த முடியாது, வைக்கவும் முடியாது. அதனால்தான் இது.

விஷயத்துக்கு வருகிறேன். வேங்கிக்காலில் உங்கள் பணத்தில் நான் உனக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில் குடியிருந்த கலெக்டர் ஆபீஸ்காரர் தீபம் முடிந்த கையோடு காலி செய்துவிட்டார். வெள்ளையடிக்கலாம் என்று போய்ப் பார்த்தேன். ஈசானிய மூலை அறையின் கதவைச் சாத்த முடியவில்லை. ஜன்னலுக்கு மேலே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், சாய்வாக மேல்தளம் வரை போகிறது. பையில் இருந்த மல்லாட்டைப் பருப்பு (நீ இப்போது வேர்க்கடலை என்கிறாய்) ஒன்றைத் தரையில் வைத்தேன். அது தானாக உருண்டுபோய் மூலையில் நின்றது. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அந்த மூலை பூமிக்குள் இறங்குகிறது.

வீடு விழாது, பயப்படாதே. மேஸ்திரி மூர்த்தி அஸ்திவாரத்தில் ஏதோ கோட்டை விட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். நீங்கள் வருவதற்குள் நேராக்கிவிடுகிறேன். மாறன் உனக்குப் படங்கள் அனுப்புவான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் தசரதன்


நாக்பூர்
22.12.2023

அன்புள்ள அண்ணனுக்கு, கஸ்தூரி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். அவர் நடையை நிறுத்தவில்லை, குல்லாய் போட்டுக்கொண்டு போகிறார். அண்ணியின் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல்.

படங்களைப் பார்த்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மே 31-உடன் இவருக்கு ஆலை வேலை முடிகிறது. ஜூன் முதல் வாரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பது வருடமாக அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

மூர்த்தி மேஸ்திரி தப்புச் செய்தார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. கிரகப்பிரவேசத்தன்று கொடுத்த வேட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிய மனிதர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டாயா?

இன்னொன்று. மாறன் அனுப்பிய நாலாவது படத்தில் அந்த மூலைச் சுவரை ஒட்டி, மண்ணிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கிறதே, அது என்ன? கிரகப்பிரவேசத்தன்று அதைப் பார்த்த ஞாபகம் இல்லை.

அண்ணிக்கும் மாறனுக்கும் என் அன்பு.
கஸ்தூரி


திருவண்ணாமலை
9.1.2024

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம். சரசுவுக்குச் சர்க்கரை கம்மியாகிவிட்டது. பொங்கல் நெருங்குகிறது, நம் மல்லாட்டை மண்டியில் நிற்க இடமில்லை.

ஒரு இன்ஜினியரைப் பிடித்திருக்கிறேன். அன்புச்செல்வி என்று பெயர், வயது முப்பது இருக்கும். இந்த மாதிரி இறங்கின கட்டடங்களைத் தூக்குவதுதான் அவளுக்கு வேலையே. வந்ததும் விரிசலின் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை சிமெண்ட் வைத்து ஒட்டினாள். பதினைந்து நாளில் கண்ணாடி உடைந்தால் மூலை இன்னும் இறங்குகிறது என்று அர்த்தமாம். ஐந்தில் மூன்று உடைந்துவிட்டது. டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருக்கிறது. அடியில் என்ன மண் என்று துளை போட்டுப் பார்த்த பிறகுதான் மருந்து சொல்வாளாம். பெயிண்டுக்கும் ஆள் பார்த்துவிட்டேன். சமையலறைக் குழாய்களை மாற்றச் சொல்லிவிட்டேன். முன் கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி உனக்குப் பிடிக்கும் என்று சரசு சொன்னாள், கடையில் நாலு பார்த்தேன், இரண்டு கனமே இல்லை, மூன்றாவதை எடுத்து வைத்திருக்கிறேன்.

செங்கம் ரோட்டில் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட அறைகள் கட்டும் மணியம்மாளை உனக்குத் தெரியுமே. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, மூர்த்தி மேஸ்திரிக்குத்தான் வேலை கொடுத்திருக்கிறேன், ஆள் எப்படி என்று கேட்டார்கள். கேட்டதற்கு பதில் சொன்னேன். உன் வீடு இப்படி இருக்கும்போது வேறு என்ன சொல்வது?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.
தசரதன்


நாக்பூர்
20.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு, பொங்கல் வாழ்த்துகளுடன் கஸ்தூரி. இங்கே எல்லாம் வழக்கம்போல. இவருக்கு முட்டி பரவாயில்லை, கோபம்தான் ஜாஸ்தியாகிவிட்டது.

வக்கீல் நண்பர் ஒருவரை உட்கார வைத்து, மூர்த்தி மேஸ்திரிக்கு நோட்டீஸ் எழுதி முடித்துவிட்டார். வாழ்நாள் சேமிப்பில் விளையாடிய ஆள், இன்னொரு குடும்பத்துக்கு இதைச் செய்யக் கூடாது என்கிறார். அதில் குற்றம் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை. கவர் என் கையில் இருக்கிறது. கட்டும்போது பக்கத்தில் இருந்தவன் நீ. அனுப்பலாமா, கூடாதா? நீ சொல்கிறபடி செய்கிறேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பித்தளைக் கைப்பிடிக்கு சந்தோஷம். நான் கேட்ட குழாயைப் பற்றி நீ எழுதவில்லை.

நலமுடன் இருக்க வேண்டும் எல்லாரும்.
கஸ்தூரி


திருவண்ணாமலை
14.2.2024

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு, அண்ணன் எழுதுவது. பதில் தாமதமாகிவிட்டது. அனைவரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

துளை போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆழத்தில் மெத்தென்ற மண்.

வேலையை ஏப்ரலில் ஆரம்பித்தால் மே கடைசிக்குள் முடியும் என்கிறாள் இன்ஜினியர். நோட்டீஸ் இப்போது வேண்டாம். மாப்பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

தசரதன்


நாக்பூர்
24.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு, கஸ்தூரி. நாங்கள் நலம்.

மெத்தென்ற மண் என்றால் என்ன? களிமண்ணா, ஏரி வண்டலா? நோட்டீஸ் இப்போது வேண்டாம் என்றால் எப்போது வேண்டும்? இவர் தினமும் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணியிடம் நேற்று ஃபோனில் பேசினேன். நீ ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். உடம்புக்கு என்ன?

கஸ்தூரி


திருவண்ணாமலை
6.3.2024

அன்புத் தங்கைக்கு, உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெயில் ஆரம்பித்துவிட்டது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இந்த முறை மல்லாட்டை நல்ல விளைச்சல், மூட்டை வந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி பகல் தெரியவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் லாரி உள்ளே வர முடியாமல் ஒரு நாள் முழுக்க வெளியே நின்றது.

வீட்டு விஷயம் விவரமாக எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.
தசரதன்


நாக்பூர்
15.3.2024

அண்ணா,

அந்தக் குழாய் என்ன?

கஸ்தூரி


திருவண்ணாமலை
2.4.2024

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி. முழுக்கப் படித்த பிறகு ஃபோன் செய்யாதே, எழுது.

அது மூச்சுக் குழாய். கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் வைக்க வேண்டும் என்பார்களே, அது.

நான் வாங்கியபோது உன் மனையின் ஈசானிய மூலையில் ஒரு வறண்ட கிணறு இருந்தது. பன்னிரண்டு அடி அகலம், முப்பது அடி ஆழம். கிணறு இருந்ததால்தான் அந்த விலைக்குக் கிடைத்தது. உங்களிடம் சொன்னால் மாப்பிள்ளை வேண்டாம் என்பார், வேங்கிக்காலில் அப்படி ஒரு மனை மறுபடி அமையாது என்று நினைத்தேன். மூடிவிட்டால் கிணறு ஏது என்று இருந்துவிட்டேன்.

மூடுவதற்கு முன்னால் பால் ஊற்றினேன், மஞ்சளும் நவதானியமும் போட்டேன், கற்பூரம் காட்டினேன், நாலு அங்குலக் குழாய் இறக்கினேன். சாமிக்கு எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் உள்ளே கொட்டியது மண் இல்லை. அந்த வருடம் நம் மல்லாட்டை உடைக்கிற மில்லின் கூரை ஒழுகி, மலை மாதிரி குவிந்திருந்த மல்லாட்டைத் தோல் நனைந்துபோனது. செங்கல் சூளைக்காரன் ஈரத் தோல் வேண்டாம் என்றுவிட்டான். கொட்ட இடமில்லை. இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் ஒரு குவியல். எனக்கு அப்போது அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து இருபத்தைந்து அடிக்குத் தோலைப் போட்டு, மேலே செம்மண்ணைப் பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்தேன். பதினோரு வருடமாக அது உள்ளே மக்கி மக்கி அமுங்கியிருக்கிறது. உன் வீட்டின் ஒரு மூலை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

மூர்த்தி கடைக்கால் தோண்ட வந்த அன்று, குழாயைப் பார்த்துவிட்டு, இது என்ன, அடியில் கிணறு பள்ளம் ஏதாவது இருந்ததா என்று கேட்டான். பழைய போர்வெல், தண்ணீர் இல்லை, கெட்டி மண், தைரியமாகப் போடு என்றேன். கிணறு என்று சொல்லியிருந்தால் குறுக்கே பீம் போட்டிருப்பான். செலவும் நாளும் கூடும், ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்காகத்தான் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்தன்று குழாயின்மேல் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அதனால்தான் உன் கண்ணில் படவில்லை.

பிப்ரவரியில் துளை போட்டபோது எட்டாவது அடியில் கருப்பாக ஈரமாக ஒரு கைப்பிடி வந்தது. அன்புச்செல்வி அதை விரலால் பிரித்துப் பார்த்தாள். அழுகியும் அழுகாமலும் தோல் முழுசு முழுசாக இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கவரில் போட்டு, தேதியை எழுதினாள்.

நான் மணியம்மாளிடம் சொன்ன சொல்லுக்கு அவர்கள் மூர்த்தியை நிறுத்திவிட்டு வேறு மேஸ்திரியை வைத்துக்கொண்டார்கள். மார்ச் தொடக்கத்தில் மூர்த்தி மண்டிக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மெதுவாகக் கேட்டான்.

“அந்தப் பைப்பப் பத்தி நான் கேட்டனேண்ணா. போருன்னு சொன்னீங்க.”

சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள் இருந்தார்கள். அப்புறம் பேசலாம் போ என்றேன். அவன் போய்விட்டான். அதற்கு மறுநாள்தான் மல்லாட்டை விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுதினேன்.

நோட்டீஸில் பெயரை மாற்றச் சொல். என் பெயரைப் போடட்டும்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
தசரதன்


நாக்பூர்
12.4.2024

அண்ணனுக்கு, கஸ்தூரி எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, உனக்கும் ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

நீ கைப்பிடியைப் பற்றி நாலு வரி எழுதுகிறவன். மெத்தென்ற மண்ணை ஒரே வரியில் முடித்தபோதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நீயே எழுதுவாய் என்று காத்திருந்தேன். மல்லாட்டையைப் பற்றி எழுதினாய்.

கிணறு என்று சொல்லியிருந்தால் நாங்கள் வேண்டாம் என்றிருப்போமா? இருக்கலாம். ஆனால் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அதை நீ எங்களுக்காகச் சொல்லிவிட்டாய். என் கல்யாணத்திலிருந்து நீ எனக்கு இப்படித்தான் செய்துகொண்டு இருக்கிறாய். நல்லதாக முடிந்ததால் நான் இதுவரை கேட்டதில்லை.

வீட்டை நீ எப்படியும் தூக்கிவிடுவாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூர்த்தி மேஸ்திரியை நீ எங்கே இறக்கினாயோ அங்கே போய்ச் சொல். மணியம்மாளிடம் போ. அதைச் செய்த பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

நோட்டீஸ் கவரை இவரிடமே கொடுத்துவிட்டேன்.

கஸ்தூரி


திருவண்ணாமலை
24.5.2024

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு, அண்ணன் எழுதுவது. அனைவரும் சுகம். அங்கே மூட்டை கட்டும் வேலை ஆரம்பித்திருப்பீர்கள். கண்ணாடிச் சாமான்களைத் துணியில் சுற்று, பேப்பரை நம்பாதே.

உன் கடிதம் வந்த மறுநாளே மணியம்மாள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். கிணறு, தோல், குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு மோர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்கள்.

“கல்யாணப் பந்தியில பத்து பேரு கேக்கறாப்பல சொன்ன. இப்ப தனியா வந்து கூடத்துல சொல்றியா தசரதா? காலையில ஆளுங்க வேலைக்கு எறங்கற நேரத்துக்கு வா. அங்க வந்து சொல்லு.”

போனேன். சித்தாள், கம்பி கட்டுகிறவன், புது மேஸ்திரி என்று இருபது பேர் இருப்பார்கள். மணியம்மாள் ஆள் விட்டு மூர்த்தியையும் வரவழைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வருடமாக ஏலத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். அன்றைக்குக் குரல் வெளியே வரவில்லை. பின்னால் இருந்த ஒருத்தி கேக்கலைங்க என்றாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். யாரோ ஒருவன், மல்லாட்டைத் தோல் மேல வீடா என்று சிரித்தான். சிரிக்கட்டும். மூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை.

கீழ்த்தளம் ஏற்கெனவே புது ஆள் போட்டு முடித்துவிட்டான். அதை மூர்த்திக்குத் திருப்பித் தர முடியாது. மேல்தளத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் அதைத் தலையாட்டி வாங்கிக்கொண்டான். வேட்டியை வாங்கியது போல இல்லை.

உன் வீட்டு வேலையையும் நீயே செய் என்று அவனிடம் கேட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து சொன்னான்.

“செய்யறேண்ணா. ஆனா கீழ என்னா இருக்குதுன்னு நீங்க சொல்லக் கூடாது. நானே எறங்கிப் பாத்துக்கறேன்.”

அப்படியேதான் நடந்தது. மூலைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, கிணற்று வாயைத் திறந்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். பக்கவாட்டு மண்ணைக் கடப்பாரையால் ஓரோர் அடிக்கும் குத்திப் பார்த்தான். எட்ட முடிந்த வரை தோலை வாரி எடுத்துவிட்டு, மணலும் ஜல்லியும் சிமெண்டும் கரைத்து ஊற்றினார்கள். கிணற்றின் குறுக்கே இரண்டு கனமான பீம், இரண்டு பக்கமும் கெட்டி மண்ணில் உட்கார்கிற மாதிரி. அது காயும் வரை இருபத்தொரு நாளும் தினமும் சாக்குப் போட்டுத் தண்ணீர் விட்டான். நானும் தண்ணீர்ப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நேற்று தூக்கினோம். பீமுக்கும் பழைய அஸ்திவாரத்துக்கும் நடுவில் நாலு ஜாக்கி. ஒரு ஜாக்கிக்கு ஒரு ஆள், அன்புச்செல்வி சொல்லும்போது மட்டும் கால் சுற்று. தூக்குவது என்றால் லாரியைத் தூக்குவது போல என்று நினைத்திருந்தேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆகி, முக்கால் அங்குலம் ஏறியது. விரிசல் நூல் அளவுக்கு ஒடுங்கியது. அப்போது மேல்தளத்தில் எங்கேயோ டப் என்று ஒரு சத்தம். அவள் கையைத் தூக்கினாள். இதற்குமேல் தூக்கினால் கீழே சேர்ந்து மேலே பிளக்கும், பதினோரு வருடமாக வீடு அந்தச் சாய்வுக்குப் பழகிவிட்டது என்றாள். இன்னும் அரை அங்குலம் இருக்கிறதே என்று நான் கேட்டேன். மூர்த்தி ஜாக்கியிலிருந்து கையை எடுக்காமலே, போதும்ணா என்றான். இடைவெளியில் சிமெண்ட் கூழைச் செலுத்தி மூடிவிட்டார்கள். இனி இறங்காது. ஆனால் அந்த அரை அங்குலம் அப்படியேதான் இருக்கும். கதவைச் சாத்த முடிகிறது. கடைசியில் தோளால் ஒரு தள்ளுத் தள்ள வேண்டியிருக்கிறது.

வீடு நேராகிவிட்டது என்று எழுதலாம்தான். இந்த முறை உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

எந்த ரயில், எந்தத் தேதி என்று எழுது. காட்பாடிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். வருவதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
தசரதன்


நாக்பூர்
29.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு, கஸ்தூரி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் சுகம். பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது, கண்ணாடிச் சாமான்களைத் துணியில்தான் சுற்றினேன்.

இவரிடம் உன் கடிதங்களைக் கொடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். காலையில், உங்க அண்ணன் இதையெல்லாம் யாராவது கேட்டு எழுதினாரா, தானாக எழுதினாரா என்றார். நான் கேட்டுத்தான் எழுதினார், ஆனால் கடைசிக் கடிதத்தில் அந்த அரை அங்குலத்தை யாரும் கேட்காமல் எழுதியிருக்கிறார் என்றேன். அந்த இடத்தை மட்டும் மறுபடி வாங்கிப் படித்தார். பிறகு நோட்டீஸைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மூலை அறையில் என் மேஜை கொள்ளுமா என்று கேட்டார். கொள்ளும் என்றேன்.

ஜூன் 4 காலை காட்பாடியில் இறங்குகிறோம். நீ வர வேண்டாம். நாங்களே வண்டி வைத்துக்கொண்டு வருகிறோம். பத்து மணிக்கெல்லாம் வேங்கிக்காலில் இருப்போம்.

சாவியை மூர்த்தி மேஸ்திரியிடம் கொடுத்துவிடு. அவர் கையால் வாங்கித்தான் திறப்போம். அவருக்கும் வீட்டம்மாவுக்கும் அன்றைக்கு எங்களோடுதான் சாப்பாடு, நான் ஃபோனில் சொல்லிவிட்டேன், வருகிறேன் என்றார்.

நீயும் அண்ணியும் மாறனும் மறுநாள் சாப்பிட வாருங்கள்.

தங்கை
கஸ்தூரி